தலைவர் ‘ஓட்டைத் திருடிவிட்டார்கள்’ என்கிறார்: தேர்தல் அமைப்பில் பழுது எங்கே என்று அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

‘மக்கள் என் பக்கம், மேட்டுக்குடி எதிர்ப்பக்கம்’ என்று பேசும் வெகுஜனவாதத் தலைவர் ஒருவர் மேடை ஏறி ‘தேர்தல் ஆணையம் விலைபோய்விட்டது’ என்று முழங்குவதால் வாக்கு இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. பழுது வேறு இடங்களில் வரும். வாக்குச்சாவடி வேலைக்கு ஆள் கிடைக்காது. ஆணையத்தின் பட்ஜெட்டில் கத்தரி விழும். முடிவில் கையெழுத்துப் போட வேண்டிய உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ராணுவ அதிகாரி ஒருவர் சாஃப்ட்வேர் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

கீழே உள்ளவை தேர்தல் அலுவலர்கள், கட்சி முகவர்கள், தேர்தல் செய்தி எழுதுபவர்கள் ஆகியோருக்கானவை. பெரும்பாலும் பிரேசிலை வைத்தே சொல்கிறோம். 2018 முதல் 2023 வரை ஏறக்குறைய எல்லா அறிகுறிகளும் அந்த ஒரே நாட்டில் வந்துபோயின. அங்கே தெளிவாகத் தெரியாதவற்றுக்கு அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, ஆஸ்திரியா.

எடுத்த எடுப்பில்: இது புகாரா, பேச்சா?

மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாவடி அல்லது எந்த மாவட்டம்? எந்த விதி, எந்த ஆவணம்? அவரும் அவர் கட்சியும் ஜெயித்த தேர்தலுக்கு இதே குறை பொருந்துமா? முதல் இரண்டுக்கும் பதில் இருந்தால் அது புகார். யார் வாயிலிருந்து வந்தாலும் விசாரித்தாக வேண்டும்.

2016 மே மாதம் ஆஸ்திரிய அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில், வலதுசாரி வெகுஜனவாதக் கட்சியான சுதந்திரக் கட்சியின் நோர்பர்ட் ஹோஃபர் 30,863 வாக்குகளில் அலெக்சாண்டர் ஃபான் டெர் பெல்லனிடம் தோற்றார். கட்சி அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. மனுவில் மாவட்டங்களின் பெயர் இருந்தது. மீறப்பட்ட விதியும் இருந்தது. தபால் வாக்கு உறைகளைக் குறித்த நேரத்துக்கு முன்பே, இருக்க வேண்டியவர்கள் இல்லாமல் பிரித்திருக்கிறார்கள் என்பது புகார். நீதிமன்றம் சாட்சிகளை வரவழைத்து விசாரித்தது. வாக்கு மாற்றப்பட்டதற்குத் தடயம் இல்லை. ஆனால் 14 மாவட்டங்களில் 77,926 வாக்குகள் விதிமீறலில் சிக்கியிருந்தன. வெற்றி வித்தியாசத்தைவிட அது பெரிய எண். ஜூலை 1 அன்று தேர்தல் ரத்தானது. அக்டோபரில் நடத்த நினைத்தார்கள். தபால் உறையின் பசை ஒட்டாமல் போனதால் டிசம்பர் 4க்குத் தள்ளிப்போனது. ஃபான் டெர் பெல்லன் முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹோஃபர் அன்றே தோல்வியை ஏற்றுக்கொண்டார். உறை பிரிக்கும் நேரத்தைச் சில அலுவலர்கள் அலட்சியம் செய்ததன் விலை, ஒரு நாடு முழுவதற்கும் மறுதேர்தல்.

மூன்றாம் கேள்வியில்தான் பேச்சு சிக்கும். அது கீழே மறுபடி மறுபடி வரும்.

அறிகுறி: ‘தோற்றால் மோசடி’ என்று ஒரு வருடம் முன்பே சொல்ல ஆரம்பிக்கிறார்

பிரேசிலில் மின்னணு இயந்திரம் 1996ல் வந்தது. 2000லிருந்து நாடு முழுக்க அதில்தான் வாக்குப்பதிவு. ஜெயிர் போல்சனாரோ அதே இயந்திரத்தில் பலமுறை எம்.பி. ஆனவர், 2018ல் அதிபரும் ஆனார். ஆனாலும் 2020 மார்ச்சில் மயாமியில் பேசும்போது, 2018ல் முதல் சுற்றிலேயே தான் ஜெயித்துவிட்டதாகவும் அதற்கு ஆதாரம் இருப்பதாகவும் சொன்னார். ஆதாரம் வரவில்லை.

இங்கே முதல் மருந்து, எழுத்தில் கேட்பது. 2021 ஜூனில் உயர் தேர்தல் நீதிமன்றத்தின் கண்காணிப்பு நீதிபதி, ஆதாரத்தைக் கொடுக்கும்படி 15 நாள் கெடு வைத்தார். (பிரேசிலில் தேர்தலை நடத்துவதும் தேர்தல் வழக்கை விசாரிப்பதும் இந்த ஒரே நீதிமன்றம். ஏழு நீதிபதிகள், மூவர் உச்ச நீதிமன்றத்திலிருந்து வருவார்கள்.) ஜூலை 29 அன்று நேரலையில் எல்லாவற்றையும் காட்டப்போவதாக அறிவித்த போல்சனாரோ, சமூக ஊடகத்தில் ஏற்கெனவே சுற்றிய வீடியோக்களைக் காட்டிவிட்டு, தன்னிடம் இருப்பது நிரூபணமல்ல, சந்தேகத்துக்கான குறிகள்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கெடு வைத்துக் கேட்காமல் இருந்திருந்தால் ‘ஆதாரம் இருக்கிறது’ என்ற பேச்சு தேர்தல் வரை அப்படியே ஓடியிருக்கும்.

ஆனால் கேள்வி கேட்டு வாயை அடைப்பது பாதி வேலைதான். பேச்சு தொடங்கிய பிறகு ஆணையம் வெளியிடும் எந்த விளக்கமும், நம்பாதவர்களுக்கு ‘மாட்டிக்கொண்டவன் சொல்லும் சமாதானம்’ மாதிரிதான் கேட்கும். வேலை செய்வது, பேச்சுக்கு முன்பே எதிர்க்கட்சி முகவரின் கையில் போய்ச் சேர்ந்துவிட்ட காகிதம். பிரேசிலில் அந்தக் காகிதத்தின் பெயர் போலெட்டிம் டி உர்னா, இயந்திரச் சீட்டு. அதைச் சரிபார்ப்பது இப்படி:

1. காலையில் வாக்குப்பதிவுக்கு முன் இயந்திரம் ஒரு பூஜ்யச் சீட்டை அச்சடிக்கும். எல்லா வேட்பாளருக்கும் பூஜ்யம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நகராட்சி, மண்டலம், பிரிவு (அதாவது சாவடி) எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வரும் தகராறுகளில் பல, வேறு பிரிவின் சீட்டோடு ஒப்பிட்டதால் வருபவை.

2. மாலை 5 மணிக்கு, வரிசையில் நிற்பவர்கள் முடித்ததும், இயந்திரம் முடிவுச் சீட்டைக் குறைந்தது ஐந்து பிரதி அச்சடிக்கும். ஒன்று சாவடிக் கதவில் ஒட்டப்படும். அதில் வேட்பாளர் வாரியாக வாக்கு, வெற்று வாக்கு (யாரையும் தேர்ந்தெடுக்காதது), செல்லாத வாக்கு, வந்த வாக்காளர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். இயந்திரம் எந்த நெட்வொர்க்கிலும் இணைக்கப்பட்டதில்லை என்பதால், தரவு வெளியே போவதற்கு முன்பே அந்தச் சாவடியின் முடிவு ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

3. சீட்டை மேலிருந்து கீழ்வரை படம் எடுங்கள். நீளமான சீட்டில் கியூஆர் கோடு ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் கோடு படிக்கும் கைபேசிச் செயலியில் முழுசாக ஏறாது.

4. அதிபர் போன்ற ஒரு பதவிக்கான வேட்பாளர் வாக்குகள், வெற்று, செல்லாதவை மூன்றையும் கூட்டுங்கள். வந்தவர் எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும்.

5. அதே பிரிவின் சீட்டை நீதிமன்றத்தின் இணையதளத்தில் திறந்து ஒப்பிடுங்கள். 2022ல் இவை அன்றிரவே ஏறின. ஒரு கட்சிக்கு ஆயிரம் சாவடியில் முகவர் இருந்தாலே போதும். கூட்டுத்தொகை தவறு என்று சொல்பவர், எந்த வரி தவறு என்று காட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்.

நம் ஊர் முகவர்களுக்குத் தெரிந்த படிவம் 17சி இதற்கு நெருங்கியதுதான், ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சாவடி மூடும்போது முகவருக்குக் கிடைக்கும் 17சியின் முதல் பகுதியில் மொத்தம் பதிவான வாக்குகள்தான் இருக்கும். யாருக்கு எத்தனை என்பது எண்ணிக்கை நாளில்தான். பதிலுக்கு இந்தியாவில் விவிபாட் சீட்டு இருக்கிறது, பிரேசிலில் அது கிடையாது.

இந்தக் குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்குக்கும் காகிதத் தடயம் வேண்டும் என்பது தொழில்நுட்ப ரீதியில் நியாயமான கோரிக்கை. இந்தியாவில் 2013ல் உச்ச நீதிமன்றமே அதைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. பிரேசிலில் 2002ல் ஒரு பகுதியில் அச்சிட்டுப் பார்த்தார்கள். வரிசை நீண்டது, பிரின்டர்கள் சிக்கின, கைவிட்டார்கள். அதன்பின் கோரிக்கை வந்தவிதம்தான் சந்தேகத்தைத் தந்தது. 2021 ஆகஸ்ட் 10 அன்று அச்சு வாக்குக்கான அரசமைப்புத் திருத்தம் கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அன்று காலை கவச வாகனங்கள் அதிபர் மாளிகை முன் அணிவகுத்தன. 308 வாக்கு தேவை. ஆதரவாக 229, எதிராக 218. தீர்மானம் தோற்றது. ஒரு நல்ல சீர்திருத்தத்தை டாங்கி அணிவகுப்போடு கொண்டுவந்தால், அடுத்த இருபது வருடத்துக்கு அதைப் பற்றி யாரும் நிதானமாகப் பேச முடியாது. இதுவும் இந்தப் பேச்சு செய்யும் சேதம்தான்.

அறிகுறி: எண்ணும் இரவில் முன்னிலை மாறுகிறது, கூச்சல் தொடங்குகிறது

எண்ணும் வரிசை தெரியாதவருக்கு, இரவு எட்டு மணிக்கு முன்னிலையில் இருந்தவர் பத்து மணிக்குப் பின்தங்குவது திருட்டு மாதிரியே தெரியும். பேச்சாளருக்கும் அது தெரியும். ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது, வரிசையை யார் முடிவு செய்தது என்பது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தொடக்கூடச் சட்டம் விடாது. ஃப்ளோரிடாவில் பல நாட்களுக்கு முன்பே உறையைச் சரிபார்த்துத் தயாராக வைக்கலாம். 2020ல் டொனால்ட் டிரம்ப் மாதக்கணக்கில் தபால் வாக்கைத் திட்டினார். அவர் ஆதரவாளர்கள் நேரில் வாக்களித்தார்கள், எதிர்த்தரப்பு தபாலில் போட்டது. நேரடி வாக்கு முதலில் எண்ணப்பட்டதால் அவர் முன்னிலை, தபால் எண்ண எண்ண அது கரைந்தது. முன்னிலை மாறும் என்பதைப் பேச்சே உண்டாக்கியது, பிறகு பேச்சே அதை ஆதாரமாகக் காட்டியது. மருந்து ஒரே வரிச் சட்டத் திருத்தம்: உறைகளை முன்கூட்டியே தயார் செய்ய அனுமதி. பென்சில்வேனிய அலுவலர்கள் கெஞ்சியும் சட்டமன்றம் அசையவில்லை.

பிரேசில் இதே பிரச்சினையில் இரண்டு முறை அடிபட்டு ஒரு முறை சரிசெய்தது. 2014ல் அக்ரி மாநிலம் தலைநகரைவிட மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்ததால், அங்கே முடியும்வரை அதிபர் முடிவை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். திரை விலகியபோது அப்போதைய அதிபர் ஜில்மா ரூசெஃப் முன்னிலை. ‘மூடிய அறையில் என்ன நடந்தது?’ என்ற கதை அங்கே பிறந்தது. தோற்ற அயேசியோ நெவிஸின் கட்சி தணிக்கை கேட்டு நடத்தி, மோசடி எதையும் காணவில்லை. ஆனால் கதை தங்கிவிட்டது. 2020 உள்ளாட்சித் தேர்தலில், மாநிலங்களில் நடந்த கூட்டல் பணியைத் தலைநகருக்கு மாற்றினார்கள். புதிய கணினி அமைப்பைப் போதுமான அளவு சோதிக்கவில்லை. முடிவு சில மணி நேரம் தாமதமானது. கதவில் ஒட்டிய சீட்டுகள் எல்லாம் சரியாகவே இருந்தன, ஆனாலும் வெறும் வாயை மெல்பவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

2022ல் செய்த திருத்தம் எளிது. நாடு முழுக்க தலைநகர் பிரசிலியாவின் நேரப்படி 8 முதல் 5 வரை வாக்குப்பதிவு. அக்ரியில் அது காலை 6 முதல் மாலை 3. ஐந்து மணி அடித்ததும் எல்லா எண்ணும் வெளியே. அந்த அக்டோபரில் இரண்டு சுற்றிலும் முதலில் போல்சனாரோ முன்னிலை, பாதிக்கு மேல் எண்ணிய பிறகு அவரை எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் லூலா முந்தினார். இரண்டாம் சுற்றில் லூலா 50.90, போல்சனாரோ 49.10, வித்தியாசம் 21 லட்சம் வாக்கு சொச்சம். வரைபடம் எல்லோர் கண்ணெதிரில் ஏறி இறங்கியதால், ‘மூடிய அறை’ என்று சொல்ல அறையே இல்லை.

மெக்சிகோவின் 2006 நேர்மாறான பாடம். முதல்கட்ட முடிவுத் திரையில், தாளில் ஏதோ முரண்பாடு இருந்த சாவடிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்தார்கள்; 25 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் திரையில் வரவில்லை. கட்சிகளுக்கு இந்த ஏற்பாடு தெரியும், பொதுமக்களுக்குத் தெரியாது. இறுதி வித்தியாசம் 0.56 சதவீதம். தோற்ற லோபஸ் ஓப்ரதோர் ஒவ்வொரு வாக்கையும் எண்ணச் சொன்னார். சுமார் 9 சதவீதச் சாவடிகளில் மட்டும் மறு எண்ணிக்கை நடந்தது. அவர் முடிவை ஏற்கவே இல்லை. 2008 தொடக்கத்தில், வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளிக்குள் இருந்து இரண்டாம் இடத்துக்காரர் கேட்டால் மாவட்டம் முழுக்க மறு எண்ணிக்கை என்று சட்டம் வந்தது. அந்த விதி 2006 ஜூலைக்கு முன்பே இருந்திருந்தால் அந்த நாட்டு அரசியலின் அடுத்த பதினைந்து வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

அறிகுறி: உறுப்பினர் கையெழுத்துப் போட மறுக்கிறார்

அமெரிக்காவில் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) குழு முடிவைச் சான்றளிப்பது சடங்கு வேலை. எண்களைக் கூட்டிக் கையெழுத்திடுவது. 2020க்குப் பிறகு சிலர் அதை வீட்டோ அதிகாரமாக நினைத்தார்கள். 2022 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஓட்டேரோ கவுன்ட்டியில் மூவர் குழு உட்கட்சித் தேர்தல் முடிவைச் சான்றளிக்க மறுத்தது. எந்தச் சாவடியில் என்ன தவறு என்று சொல்லவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் சில நாட்களில் உத்தரவு போட்டது, 2க்கு 1 என்று கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அரிசோனாவின் கோச்சீஸ் கவுன்ட்டி கெடுவைத் தவறவிட்டது. அந்த 47,000 சொச்சம் வாக்குகள் விடுபட்டால் தோற்கப்போவது, குழுவில் மறுத்தவர்களின் சொந்தக் கட்சி வேட்பாளர்கள்! டிசம்பர் 1 அன்று நீதிபதி உத்தரவிட, அன்றே சான்றளித்தார்கள்.

பெருவில் 2021ல் நடந்தது இன்னும் நுணுக்கமானது. பெட்ரோ காஸ்தியோவிடம் 44,263 வாக்கில் தோற்ற கெய்கோ ஃபுஜிமோரி, 802 சாவடிகளின் சுமார் இரண்டு லட்சம் வாக்குகளை ரத்து செய்யக் கேட்டார். மனுக்களில் பல, கெடு முடிந்தபின் வந்தவை. தேர்தல் தீர்ப்பாயம் கெடுவை நீட்டிப்பதாக அறிவித்தது, அதே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. இந்தத் தவறை எந்த ஆணையமும் செய்யக் கூடாது. நீட்டித்தால் ஒரு தரப்பு, திரும்பப் பெற்றால் இன்னொரு தரப்பு. சில மணி நேரத்தில் இரண்டையும் பகைத்துக்கொண்டார்கள். பிறகு, தீர்ப்பாயத்தின் உறுப்பினர் ஒருவர் பாதியில் விலகினார், வேலை முடங்கியது. மாற்று உறுப்பினரைச் சில நாட்களில் கொண்டுவந்ததால் ஜூலை 19 அன்று முடிவை அறிவிக்க முடிந்தது.

இதற்கான முன்னேற்பாடு மூன்று. சான்றளிக்கும் தேதி சட்டத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் எந்த நீதிமன்றம், எத்தனை நாளில் என்பது இருக்க வேண்டும். ஒவ்வொரு இருக்கைக்கும் மாற்று உறுப்பினர் பெயர் தேர்தலுக்கு முன்பே நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற அளவில் 2022 டிசம்பர் சட்டம் இதைச் செய்தது: அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டத்தில் துணை அதிபரின் வேலை சடங்குதான் என்று எழுதியது, ஆட்சேபத்துக்கு ஒவ்வொரு அவையிலும் ஒருவர் போதும் என்றிருந்ததை ஐந்தில் ஒரு பங்கினர் என்று உயர்த்தியது.

அறிகுறி: ‘தணிக்கை’ என்ற பெயரில் பெட்டிகள் கைமாறுகின்றன

தணிக்கை வேண்டாம் என்று சொல்லும் ஆணையம் பாதித் தோல்வியை அங்கேயே ஒப்புக்கொள்கிறது. கேள்வி, யார், எப்போது, எந்த விதிப்படி என்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2020ல் சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணியது, பிறகு இயந்திரத்தில் மறுபடி எண்ணியது. மூன்று முறையும் ஒரே வெற்றியாளர், இறுதி வித்தியாசம் 11,779. அலுவலர்களே, பொதுமக்கள் பார்க்க, சீட்டுகள் அரசுக் காவலை விட்டுப் போகாமல் எண்ணினார்கள்.

அரிசோனாவின் மாரிகோபா கவுன்ட்டியில் 2021ல் மாநில செனட், தேர்தல் தணிக்கையில் முன்அனுபவமே இல்லாத சைபர் நிஞ்சாஸ் என்ற நிறுவனத்திடம் சீட்டுகளையும் இயந்திரங்களையும் ஒப்படைத்தது. மாதக்கணக்கில் எண்ணி, பைடனுக்கு 99 கூட, டிரம்புக்கு 261 குறைவு என்று முடித்தார்கள். ஆனால் காவல் தொடர் அறுந்த (இடையில் யார் கைபட்டது என்று தெரியாத) இயந்திரங்களை யாரும் இனி நம்ப முடியாது என்று கவுன்ட்டி அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மாற்றுச் செலவு சுமார் 28 லட்சம் டாலர். மோசடி இருக்கிறதா என்று தேடப்போய், பழுதில்லாத கருவிகள் வீணானதுதான் மிச்சம்.

இனி, மூன்றாம் கேள்வியின் முழு வேலையைக் காட்டும் வழக்கு. 2022 நவம்பர் 22 அன்று போல்சனாரோவின் லிபரல் கட்சி, 2020க்கு முந்தைய மாடல் இயந்திரங்கள் சுமார் 2,80,000ல் பதிவான வாக்குகளை ரத்து செய்யக் கேட்டது. காரணம், அந்த இயந்திரங்களின் பதிவுக் கோப்பில் வரிசை எண் வர வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே எண் வருகிறது. புது மாடலை மட்டும் எண்ணினால் போல்சனாரோவுக்கு 51 சதவீதத்துக்கு மேல் என்றும் கணக்குக் காட்டியது.

இப்படி ஒரு மனு வந்தால் படிப்படியாகப் பாருங்கள். குறை உண்மையா? ஆம், அந்த வரியில் எண் தவறாகத்தான் வருகிறது. ஒப்புக்கொள்ளுங்கள், மழுப்ப வேண்டாம். குறை வாக்கைத் தொடுகிறதா? இல்லை, எந்தச் சீட்டு எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்பதை அடையாளம் காண வேறு வழிகள் உள்ளன, வாக்குக் கணக்கு அந்த வரியை நம்பியிருக்கவில்லை. குறை ஒரு வேட்பாளரை மட்டும் பாதிக்குமா? பாதிக்க வழியே இல்லை. பழைய இயந்திரம் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை மட்டும்தான் அந்த 51 சதவீதம் காட்டியது. கடைசியாக, அதே இயந்திரம் வேறு எதற்குப் பயன்பட்டது? முதல் சுற்றுக்கு. அந்தச் சுற்றில் லிபரல் கட்சி 99 எம்.பி.க்களைப் பெற்றிருந்தது. மனுவோ இரண்டாம் சுற்றை மட்டும் கேட்டது. நீதிமன்றத் தலைவர் அலெக்சாந்த்ரே டி மொராயெஸ், முதல் சுற்றையும் சேர்த்து 24 மணி நேரத்தில் மனுவைத் திருத்தச் சொன்னார். கட்சி மறுத்தது. மறுநாளே மனு தள்ளுபடி, 2.29 கோடி ரியாலுக்கு மேல் அபராதம்.

அறிகுறி: சத்தமில்லாமல் ஆளும் பணமும் குறைகின்றன

இதுதான் மிக ஆபத்தானது, செய்தியில் கடைசிப் பக்கத்தில் வருவதும் இதுதான். மெக்சிகோவில் அதிபரான பிறகு லோபஸ் ஓப்ரதோர் ஆணையத்தை ‘அதிகச் சம்பளம் வாங்கும் மேட்டுக்குடி’ என்று பேசிப் பேசி, அரசமைப்புத் திருத்தம் தோற்றதும், 2023ல் சாதாரணச் சட்டமாக ‘பிளான் பி’யைக் கொண்டுவந்தார். ஆணையத்தின் சொந்தக் கணக்குப்படி நிரந்தரத் தேர்தல் பணியாளர்களில் 80 சதவீதத்துக்கு மேல் போயிருப்பார்கள். 300 மாவட்ட அலுவலகங்களில் ஐந்து பேர் குழு இருக்கும். சாவடிப் பணிக்குக் குலுக்கலில் வரும் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுப்பது, வாக்காளர் பட்டியலைப் புதுப்பிப்பது இவர்கள் வேலை. அந்த ஐவர் ஒருவராகியிருப்பார். உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இரண்டு பகுதியாக அதை ரத்து செய்தது. காரணம் எளிமையானது: உறுப்பினர்கள் படிக்கவே நேரம் கொடுக்காமல் நிறைவேற்றியிருந்தார்கள்.

அமெரிக்காவில் எரிக் என்ற மாநிலங்களின் கூட்டமைப்பு, வாக்காளர் பட்டியலை ஓட்டுநர் உரிமம், இறப்புப் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு மாநிலத்தில் வாக்களித்தவர் ஆகியோரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அதன்மேல் வதந்தி கிளம்ப, 2022 தொடக்கம் முதல் 2023 வரை லூசியானாவில் ஆரம்பித்து ஃப்ளோரிடா, ஒஹாயோ, டெக்சாஸ் என ஒன்பது மாநிலங்கள் விலகின. ‘இறந்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்’ என்று பேசியவர்கள், இறந்தவர்களைப் பிடிக்கும் வலையையே அறுத்தார்கள்.

போலந்தில் 2020 மே 10 அதிபர் தேர்தலை முழுக்கத் தபாலில் நடத்த நினைத்த அரசு, வாக்குச்சீட்டு அச்சிடும் பொறுப்பை ஆணையத்திடமிருந்து பறித்தது. சட்டம் அமலாவதற்கு முன்பே சீட்டுகள் அச்சாயின. தேர்தல் அன்று நடக்கவே இல்லை. சுமார் 7 கோடி ஸ்லாட்டி (போலந்து நாணயம்) வீண்.

சோதிக்கும் விதம்: மூன்று எண்களை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். நிரந்தரப் பணியாளர் எத்தனை, பயிற்சி பெற்ற சாவடி ஊழியர்களில் கடைசி நேரத்தில் விலகியவர் எத்தனை, ஆணையம் கேட்ட தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடைவெளி எவ்வளவு. மூன்றும் சேர்ந்து சரிந்தால், அடுத்த தேர்தலில் வரும் உண்மையான குளறுபடிக்கு விதை போட்டாகிவிட்டது. அந்தக் குளறுபடியே பிறகு மேடையில் ஆதாரமாகும்.

அறிகுறி: சீருடை நடுவராக வருகிறது

2021ல் பிரேசில் தேர்தல் நீதிமன்றம் வெளிப்படைத்தன்மைக் குழு ஒன்றை அமைத்து, அதில் ராணுவத்துக்கும் இடம் கொடுத்தது. உள்ளே வந்தால் சமாதானமாகிவிடுவார்கள் என்ற கணக்கு பிசகியது. எண்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் வந்தன. ‘ராணுவமே சந்தேகப்படுகிறது’ என்று பேச ஒரு வாய்ப்பு. தேர்தல் முடிந்து 2022 நவம்பர் 9 அன்று வந்த பாதுகாப்பு அமைச்சக அறிக்கை மோசடி எதையும் காட்டவில்லை. மறுநாள் அமைச்சகம், மோசடி சாத்தியத்தை ஒதுக்கவில்லை என்று இன்னொரு அறிக்கை விட்டது. யாரையும் குழுவில் சேர்க்குமுன், அவர்களின் அறிக்கை எந்தத் தேதிக்குள், எந்த வடிவில் என்று எழுதி வாங்குங்கள். தொழில்நுட்பத் தணிக்கைக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

வாக்குப்பதிவு நாளில் சீருடை வேறு வடிவில் வரும். 2022 அக்டோபர் 30 அன்று, இரண்டாம் சுற்றின்போது, லூலாவின் கோட்டையான வடகிழக்கில் நெடுஞ்சாலைக் காவல்துறை பேருந்துகளை நிறுத்திச் சோதித்தது. முந்தைய இரவே அதற்குத் தடை இருந்தது. மொராயெஸ் காவல்துறைத் தலைவரை அன்றே நேரில் வரவழைத்து நிறுத்தச் சொன்னார். வாக்காளர்கள் வந்துசேர்ந்தார்கள் என்ற காரணத்தால் வாக்குப்பதிவு நேரத்தை நீட்டிக்கவில்லை. நீட்டித்திருந்தால், ‘ஒரு தரப்புக்காக நேரத்தை நீட்டினார்கள்’ என்ற புதுப் புகார் கிளம்பியிருக்கும்.

அறிகுறி: மருந்தின் அளவு கூடிவிட்டது

2022 அக்டோபர் 20 அன்று, இரண்டாம் சுற்றுக்கு பத்து நாள் முன், நீதிமன்றம் ஒரு விதி போட்டது: பொய் என்று முடிவு செய்த பதிவைச் சமூக ஊடக நிறுவனங்கள் இரண்டு மணி நேரத்தில் நீக்க வேண்டும், தேர்தலை ஒட்டிய நாட்களில் ஒரு மணி நேரத்தில், அதே உள்ளடக்கம் வேறு இடத்தில் இருந்தால் புது மனு இல்லாமலே நீக்க உத்தரவிடலாம். தேர்தலை நடத்துபவர், பொய் எது என்று தீர்மானிப்பவர், தண்டிப்பவர் எல்லாம் ஒரே மேஜையில் இருந்தார்கள். அவசரத்தில் வேலை செய்தது என்பவர்கள் உண்டு. ஆனால் ‘எங்கள் வாயைக் கட்டுகிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதுவரை இல்லாத உண்மையான எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்தது. 2023 ஜனவரி 8 அன்று தலைநகரில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அதிபர் மாளிகையையும் சூறையாடிய கூட்டத்தின் வாயில் மொராயெஸின் பெயர் இருந்தது.

ஒப்பிட, அதே நீதிமன்றம் அளவோடு கொடுத்த மருந்து ஒன்று. 2022 ஜூலை 18 அன்று போல்சனாரோ வெளிநாட்டுத் தூதர்களை அதிபர் இல்லத்துக்கு அழைத்து, வாக்கு இயந்திரத்தை நம்ப முடியாது என்று விளக்கினார். அரசுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. 2023 ஜூன் 30 அன்று 5க்கு 2 என்ற கணக்கில் அவர் 2030 வரை போட்டியிடத் தகுதி இழந்தார். தீர்ப்பு நின்றது அவருடைய கருத்தின் மேல் அல்ல. அரசு மாளிகை, அரசு நிகழ்ச்சி, அரசு ஒளிபரப்பு ஆகியவற்றைத் தன் தேர்தல் நலனுக்குப் பயன்படுத்திய அதிகார துஷ்பிரயோகத்தின் மேல். தேதி, இடம், வீடியோ, விருந்தினர் பட்டியல் எல்லாம் கோப்பில் இருந்தன. வழக்கு தொடுப்பவர்கள் இந்த வரிசையில் தேடுவது நல்லது: அரசுப் பணம் எங்கே செலவானது, அரசு ஊழியர் யார் ஈடுபட்டார், எந்த அரசுச் சொத்து பயன்பட்டது. இவற்றில் ஒன்றும் கிடைக்காமல் கையில் இருப்பது மேடைப் பேச்சு மட்டும் என்றால், வழக்கை விட்டுவிட்டுச் சாவடிச் சீட்டுகளை இணையத்தில் ஏற்றும் வேலையைப் பாருங்கள்.